உங்கள் டிக்கெட் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது?

நெட்வொர்க், சர்வர், கிளையண்ட்: புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஓர் அறிமுகம்

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. இணைப்பு கொடுக்க வந்தவர் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டி, ஒரு பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு நாள் 'நெட் வரவில்லை'. தெரிந்தவரைக் கேட்டால் "ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்கிறார். இன்னொருவர் "சர்வர் டவுன்" என்கிறார். மூன்றாமவர் "ஐபி அட்ரஸ் பிரச்சினை" என்கிறார். யார் சொல்வது சரி?

நான் சாஃப்ட்வேர் துறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊரான அச்சரப்பாக்கத்துக்கு வரும்போதெல்லாம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். இதற்குப் பதில் சொல்ல இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. கேட்கும் கம்ப்யூட்டர் எது, பதில் தரும் கம்ப்யூட்டர் எது, நடுவில் வழி எது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். இந்த மூன்றையும் நமக்கெல்லாம் பழக்கமான ரயில் டிக்கெட் முன்பதிவை வைத்துப் பார்ப்போம்.

நெட்வொர்க் என்றால் என்ன?

ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் தமக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும்படி இணைக்கப்பட்டிருந்தால் அது நெட்வொர்க். இதற்கு மூன்று விஷயங்கள் தேவை.

முதலாவது, வழி. அது செம்புக் கம்பியாக இருக்கலாம், கண்ணாடி இழையாக இருக்கலாம், வைஃபை போல ரேடியோ அலையாகவும் இருக்கலாம். இரண்டாவது, முகவரி. எந்தக் கம்ப்யூட்டருக்குத் தகவல் போக வேண்டும் என்று குறிக்க ஓர் எண் வேண்டும். மூன்றாவது, பொது நடைமுறை. யார் முதலில் பேசுவது, எப்படிக் கேட்பது, பதில் எந்த வடிவில் வர வேண்டும் என்று இரு பக்கமும் ஏற்றுக்கொண்ட விதிகள். இவற்றைப் புரோட்டோகால் என்கிறோம்.

வீடு, கடை, பள்ளி என ஓரிடத்துக்குள் அடங்கும் நெட்வொர்க்குக்கு லேன் என்று பெயர். ஊர்களையும் நாடுகளையும் இணைப்பது வேன். இப்படி உலகெங்கும் உள்ள பல்லாயிரம் நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைத்தால் கிடைப்பதுதான் இன்டர்நெட். அதாவது இன்டர்நெட் என்பது ஒரே நெட்வொர்க் அல்ல, நெட்வொர்க்குகளின் நெட்வொர்க்.

ஒரு பெர்த், இரண்டு பேர்

இப்போது சர்வருக்கு வருவோம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் நம் ஊரில் நிற்பதில்லை. செங்கல்பட்டில் ஏறி மதுரைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லீப்பர் வகுப்பில் ஒரே ஒரு பெர்த் மீதி இருக்கிறது. அதே நொடியில் எழும்பூர் கவுன்ட்டரில் ஒருவரும், செங்கல்பட்டு கவுன்ட்டரில் இன்னொருவரும், வீட்டிலிருந்து நீங்களும் அந்த பெர்த்தைக் கேட்கிறீர்கள். யாருக்குக் கொடுப்பது?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு இதற்குப் பெரிய ரிஜிஸ்டர்கள் இருந்தன. வண்டிக்கும் தேதிக்கும் ஏற்ப ரிஜிஸ்டரைப் புரட்டி கிளார்க் உங்கள் பெயரை எழுதுவார். ரிஜிஸ்டர் ஒன்றுதான் என்பதால் ஒரு பெர்த்தில் இரண்டு பெயர் வராது. ஆனால் அது ஒரே இடத்தில்தான் இருக்கும். வேறு ஊரிலிருந்து ஏறுபவர்களுக்காகச் சில இடங்களை ஒதுக்கி வைக்க வேண்டும். திரும்பி வரும் பயணத்துக்குத் தந்தி அடித்துக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஓர் ஊரில் ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்கும்போதே மற்றோர் ஊரில் இடமில்லாமல் ஆட்கள் திரும்பிப் போக நேரும்.

இதற்கெல்லாம் காரணம், ரிஜிஸ்டர் ஒன்றாகவும் கேட்பவர்கள் பல ஊர்களிலும் இருந்ததுதான். ரிஜிஸ்டரை நகல் எடுத்து எல்லா ஊர்களுக்கும் கொடுத்தால் ஒரே பெர்த் பல பேருக்கு விற்றுப்போகும். ரிஜிஸ்டர் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஆனால் எல்லா ஊரிலிருந்தும் அதைப் பார்க்கவும் அதில் எழுதவும் முடிய வேண்டும். சர்வர் என்ற ஏற்பாடு செய்வது இதைத்தான்.

இந்திய ரயில்வே 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவைச் சோதனை முறையில் தொடங்கியது. பின்னர் அது சென்னை உள்ளிட்ட மற்ற பெரு நகரங்களுக்கும் வந்தது. ரிஜிஸ்டர் ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் போனது. அதுதான் சர்வர். கவுன்ட்டரில் கிளார்க் முன்னால் இருந்த திரையும் கீபோர்டும் அதனிடம் கேட்கும் கருவிகள். அவைதான் கிளையண்ட். கவுன்ட்டரில் இருந்த கருவியில் எந்தப் பெர்த்தின் விவரமும் சேமிக்கப்பட்டிருக்கவில்லை. கிளார்க் தட்டியதை சர்வருக்கு அனுப்பி, சர்வர் சொன்னதைத் திரையில் காட்டியது, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த ஒரே பெர்த் யாருக்குப் போகும்? கேள்விகள் நமக்கு ஒரே நொடியில் வந்ததுபோல் தெரிந்தாலும் சர்வர் அவற்றை வரிசையில் நிறுத்துகிறது. முதல் கேள்வியை எடுத்ததும் அந்தப் பெர்த்தின் பதிவைப் பூட்டிவிடும். பெயரை எழுதி முடித்த பிறகே பூட்டைத் திறக்கும். அடுத்த கேள்வி உள்ளே வரும்போது பெர்த் போயிருக்கும். அவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு மண்டல சர்வரும் தனித்தனியாக இயங்கியது. கன்சர்ட் என்ற மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1999 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து இடங்களின் சர்வர்களும் ஒரே நெட்வொர்க்காக இணைந்தன. அதன் பிறகுதான் எந்த ஊர் கவுன்ட்டரில் நின்றும் எந்த ஊரிலிருந்து புறப்படும் வண்டிக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. செங்கல்பட்டில் நின்றுகொண்டு டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு டிக்கெட் கேட்டால், சென்னை சர்வர் டெல்லி சர்வரைக் கேட்டுப் பதில் வாங்கித் தரும்.

2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி வெப்சைட் வழியாக டிக்கெட் விற்பனை தொடங்கியது. தொடக்கத்தில் பணத்தை இன்டர்நெட்டில் கட்டினாலும் அச்சிட்ட டிக்கெட் கூரியரில்தான் வீட்டுக்கு வரும். 2005-ல் இ-டிக்கெட் வந்தது. அன்று முதல் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு கவுன்ட்டர் ஆகிவிட்டது.

இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரின்ட் எடுத்து வைத்திருக்கும் காகிதமோ மொபைலில் உள்ள மெசேஜோ டிக்கெட்டின் நகல்தான். உண்மையான டிக்கெட் என்பது சர்வரில் உங்கள் பெயரில் உள்ள பதிவு. காகிதம் நனைந்து கிழிந்தாலும் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் விவரம் வந்துவிடுவது இதனால்தான்.

சர்வர் ஒரு பெட்டியா, ஒரு வேலையா?

சர்வர் என்றதும் குளிரூட்டப்பட்ட அறையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு அலமாரிகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பெரிய சர்வர்கள் அப்படித்தான் வைக்கப்படுகின்றன. ஆனால் சர்வர் என்பது கம்ப்யூட்டரின் அளவைக் குறிக்கும் பெயர் அல்ல, அது செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர். கேள்விக்காகக் காத்திருந்து, கேட்டதும் பதில் தருவது எதுவோ அது சர்வர். கேள்வி கேட்பது எதுவோ அது கிளையண்ட்.

உலகின் முதல் வெப் சர்வர் ஒரு மேசைக் கம்ப்யூட்டர்தான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1990-ன் இறுதியில் அதை இயக்கினார். யாராவது சாதாரணக் கம்ப்யூட்டர் என்று நினைத்து அணைத்துவிடப் போகிறார்களே என்று, இது சர்வர், அணைக்கக் கூடாது என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார். சர்வருக்கு இருக்க வேண்டிய முக்கிய குணத்தை அந்தச் சீட்டு சொல்லிவிடுகிறது: எப்போது கேட்டாலும் விழித்திருக்க வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டர் ஒருவருக்கு சர்வராகவும் மற்றொருவருக்குக் கிளையண்டாகவும் இருக்கலாம். நீங்கள் ஐஆர்சிடிசி தளத்தில் பெர்த் தேடும்போது அந்தத் தளத்தின் கம்ப்யூட்டர் உங்களுக்கு சர்வர். ஆனால் பெர்த் விவரம் அதனிடம் இல்லை. அது ரயில்வேயின் முன்பதிவு சர்வரைக் கேட்டுச் சொல்கிறது. அந்த நேரத்தில் அதுவே ஒரு கிளையண்ட்.

இதற்கு நம் கடற்கரையிலேயே அருமையான உதாரணம் ஒன்று உண்டு. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால் வரும் புதுச்சேரிப் பகுதியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். சுற்றிலும் கிராமங்களில் சிறு மையங்கள். கிராமங்களில் நல்ல தொலைபேசி இணைப்பு கிடைக்காத காலம் என்பதால், கம்பி பாதி ரேடியோ பாதி என்று நெட்வொர்க்கை அமைத்தார்கள். கரண்ட் போனாலும் ஓடுவதற்குச் சூரிய மின்தகடுகள் வைத்தார்கள்.

மீனவர்களுக்கு வேண்டியிருந்த தகவல், மறுநாள் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பது. அது அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் கிடைத்தது. வில்லியனூர் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு வாங்கியது. அப்போது அது கிளையண்ட். அதையே வீராம்பட்டினம் போன்ற மீனவ கிராமங்களுக்குத் தமிழில் தந்தபோது அது சர்வரின் வேலையைச் செய்தது. கிராம மையத்துக்கு வந்த தகவலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவருக்குக் கம்ப்யூட்டரைத் தொடாமலேயே தகவல் போய்ச் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 அன்று அந்த ஏற்பாடு வேறு விதத்தில் கைகொடுத்தது. நல்லவாடு என்ற கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். உடனே தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்து ஊரைக் காலி செய்தார்கள். படகுகளும் வீடுகளும் சேதமாயின. ஆனால் 3,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தக் கிராமத்தில் உயிரிழப்பு இல்லை. எவ்வளவு பெரிய சர்வரில் தகவல் இருந்தாலும், வழியின் கடைசித் துண்டு வேலை செய்தால்தான் அது ஆளிடம் போய்ச் சேரும். 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. இப்போது நம் நாட்டு சர்வரே எச்சரிக்கை தருகிறது. கடைசித் துண்டின் முக்கியத்துவம் மட்டும் குறையவில்லை.

உங்கள் வீட்டு நெட்வொர்க்

இனி வீட்டுக்குள் வருவோம். சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை மோடம் என்றும் ரவுட்டர் என்றும் சொல்கிறார்கள். ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் ஒரே பெட்டி பல வேலைகளைச் செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சைகையாக மாற்றுகிறது. லேன் கேபிள் செருகும் துளைகளைத் தருகிறது. வைஃபை அலையைப் பரப்புகிறது. வீட்டு நெட்வொர்க்குக்கும் வெளி நெட்வொர்க்குக்கும் நடுவில் நின்று தகவலை இரு பக்கமும் திருப்பி விடுகிறது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் ரவுட்டர் என்று பெயர்.

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தேவை என்றோமே, அதுதான் ஐபி அட்ரஸ். அதை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு ஓர் எண் கொடு" என்று கேட்கும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற சிறு சர்வர் 192.168.1.5 என்பது போல ஓர் எண்ணைக் கொடுக்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம், தவறில்லை. வெளியே போகும்போது ரவுட்டர் வெளி உலகுக்கான வேறோர் எண்ணைப் போட்டு அனுப்பும். பதில் வந்ததும் யார் கேட்டது என்று பார்த்து அவரிடம் சேர்க்கும்.

பின்கோடும் ஐபி அட்ரஸும்

உலகில் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை.

தபாலை நினைத்துப் பாருங்கள். 1972-ல் அறிமுகமான பின்கோடில் நம் ஊருக்கு 603301. டெல்லியில் தபால் பிரிப்பவருக்கு அச்சரப்பாக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. முதல் இலக்கம் 6 என்று பார்த்து தெற்கே அனுப்புகிறார். அடுத்த இடத்தில் 603 என்று பார்த்து செங்கல்பட்டுப் பக்கம் அனுப்புகிறார்கள். கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்து நம் தபால் நிலையத்துக்கு வருகிறது. தெருவும் கதவு எண்ணும் தபால்காரருக்குத்தான் வேண்டும்.

ரவுட்டர்களும் இப்படித்தான். ஐபி அட்ரஸின் முன்பகுதியைப் பார்த்து, இது எந்தத் திசையில் போக வேண்டும் என்று மட்டும் முடிவு செய்து அடுத்த ரவுட்டரிடம் கொடுத்துவிடும். பத்துப் பதினைந்து கைகள் மாறி, தகவல் சேர வேண்டிய இடத்தைச் சேரும்.

தகவல் முழுதாகப் போவதும் இல்லை. பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒரு துண்டில் சுமார் 1,500 பைட்டுகள் அடங்கும். மூன்று எம்பி அளவுள்ள போட்டோ ஒன்றை அனுப்பினால் ஏறக்குறைய 2,000 பாக்கெட்டுகள் ஆகும். ஒவ்வொன்றிலும் அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, வரிசை எண் இருக்கும். வரிசை மாறி வந்தால் பெறும் கம்ப்யூட்டர் அடுக்கிக்கொள்ளும். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் மறுபடி அனுப்பச் செய்யும். இந்தக் கணக்குப் பார்க்கும் வேலை டிசிபி என்ற விதிமுறையுடையது. முகவரி பார்த்து அனுப்புவது ஐபி என்ற விதிமுறை. டிசிபி/ஐபி என்று சேர்த்துச் சொல்வது இந்த இரண்டையும்தான்.

பெயரும் எண்ணும்

நீங்கள் பிரவுசரில் வெப்சைட்டின் பெயரைத்தான் தட்டுகிறீர்கள், எண்ணைத் தட்டுவதில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தருவதற்கென்றே தனி சர்வர்கள் இருக்கின்றன. இவை டிஎன்எஸ் சர்வர்கள். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த முறையை வடிவமைத்தார். அதற்கு முன்பு எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே ஃபைலில் இருந்தன. அந்த ஃபைலை எல்லாரும் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது சமாளிக்க முடியாமல் போனது.

ஆக, ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் எண்ணைக் கேட்கிறது. பிறகுதான் அந்த எண்ணுக்குக் கேள்வியை அனுப்புகிறது. டிஎன்எஸ் பதில் தராவிட்டால் இணைப்பு நன்றாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது.

நெட் வரவில்லையா? படிப்படியாகப் பாருங்கள்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடலாம். உங்கள் அருகில் இருந்து தொடங்கித் தொலைவு நோக்கிப் போக வேண்டும்.

1. பெட்டியில் விளக்குகள் எரிகின்றனவா? 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இணைப்பு கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள்.

2. மொபைலில் அதே வைஃபை வழியாக நெட் வருகிறதா? வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில் மட்டும். பார்க்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

3. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்று தட்டி என்டர் செய்யுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். ஐபி அட்ரஸ் 192.168 என்பது போலத் தொடங்கினால் ரவுட்டர் எண் கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் எண் கேட்டும் பதில் வரவில்லை. கேபிளைச் சரிபாருங்கள் அல்லது வைஃபையில் மறுபடி சேருங்கள். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யும் யோசனை பெரும்பாலும் பலிக்கும் இடம் இதுதான்.

4. அதே திரையில் டிஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் இருக்கும். அது உங்கள் ரவுட்டரின் எண். பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைத் தட்டுங்கள். பிங் என்ற இந்தக் கட்டளை "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று காட்டும். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி.

5. அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். இது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வர். வீட்டு ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லாவிட்டால் கோளாறு வெளி வழியில்.

6. எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் பெயர் தட்டினால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு.

7. மற்ற எல்லாத் தளங்களும் திறக்கின்றன, ஒன்று மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு அநேகமாக அந்தத் தளத்தின் சர்வரில். "சர்வர் டவுன்" என்று சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

தட்கல் நேரத்தில் என்ன நடக்கிறது?

தட்கல் முன்பதிவு ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்த நிமிடத்தில் நாடு முழுவதும் உள்ள கிளையண்டுகள் ஒரே சர்வர் வாசலில் வந்து நிற்கின்றன. 2014-ல் ஐஆர்சிடிசி தளத்தின் திறன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டிலிருந்து 7,200 ஆக உயர்த்தப்பட்டது. எவ்வளவு உயர்த்தினாலும் கேட்பவர்கள் அதைவிட அதிகமாக இருந்தால் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் உங்கள் ரவுட்டரை அணைக்காதீர்கள். கிடைத்த வரிசையும் போய்விடும்.

இதைவிட முக்கியமான ஒன்று: பணம் கட்டும் நேரத்தில் திரை உறைந்துபோவது. வங்கிக் கணக்கில் பணம் குறைந்ததாக மெசேஜ் வருகிறது. திரையில் டிக்கெட் வரவில்லை. பலர் பதறிப்போய் உடனே மறுபடி பணம் கட்டுகிறார்கள்.

என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். இங்கே சர்வர்கள் மூன்று: ஐஆர்சிடிசி, வங்கி, ரயில்வே முன்பதிவு. இவற்றுக்கு இடையே எந்த வழியிலும் பதில் தாமதமாகலாம், தொலையலாம். ஒருவேளை டிக்கெட் பதிவாகி, அந்தப் பதில் உங்கள் திரைக்கு வரும் வழியில் மட்டும் தடைபட்டிருக்கலாம். அல்லது வங்கி சரி என்று சொன்னது ஐஆர்சிடிசிக்குப் போய்ச் சேராமல், டிக்கெட் பதிவாகாமலே இருந்திருக்கலாம். உங்கள் திரையைப் பார்த்து இந்த இரண்டில் எது என்று சொல்லவே முடியாது. திரை கிளையண்ட். உண்மை சர்வரில்.

ஆகவே சர்வரையே கேளுங்கள். புதிதாக லாகின் செய்து, உங்கள் கணக்கில் 'புக்டு டிக்கெட் ஹிஸ்டரி' பகுதியைப் பாருங்கள். டிக்கெட் அங்கே இருந்தால் பிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் டிக்கெட் பதிவாகவில்லை. பணம் அதே வங்கிக் கணக்குக்குத் திரும்ப வரவு வைக்கப்படும், சில நாட்கள் ஆகலாம். இதைப் பார்த்த பிறகே மறுபடி முயலுங்கள். பணம் பிடிக்கப்பட்டதைப் பற்றி யாராவது போன் செய்து, ஓடிபி எண்ணைச் சொன்னால் திருப்பித் தருகிறேன் என்றால் வைத்துவிடுங்கள். பணத்தைத் திருப்பித் தர சர்வருக்கு உங்கள் ஓடிபி தேவையில்லை. மின் கட்டணம், கேஸ் பதிவு, தேர்வு விண்ணப்பம் என்று எந்தத் தளத்தில் பணம் கட்டினாலும் இதே முறைதான்.

இன்றே செய்து பாருங்கள்

படித்தது மனதில் பதிய ஒரு சிறு சோதனை. உங்கள் ரவுட்டருக்கு ஒருமுறையும், 8.8.8.8-க்கு ஒருமுறையும் பிங் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் சில மில்லி செகண்டுகளில் பதில் தரும். வெளி சர்வருக்குக் கூடுதலாகும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். கேபிள் முழுவதும் போய்த் திரும்ப ஒளிக்கே 23 மில்லி செகண்ட் ஆகும். அமெரிக்காவில் உள்ள சர்வர் என்றால் 200 மில்லி செகண்டுக்கு மேல் காட்டுவது சாதாரணம். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமானது என்றாலும் தூரத்துக்குரிய நேரத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ரவுட்டரின் எண், அது சாதாரணமாகப் பதில் தரும் நேரம், இணைப்பு கொடுத்தவரின் போன் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அருகே ஒட்டி வையுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம். அடுத்த முறை நெட் நின்றால், எதிலிருந்து பதில் வரவில்லை என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்களே சொல்லிவிடலாம்.